மஞ்சள் வைத்த விண்ணப்பம்

டெல்லி, 13-11-1979

அன்புள்ள ஆறுமுகத்தாய்க்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நம் சங்கரன்கோவிலில் தறி மிஷின் போட ஜெர்மன்காரர் கையெழுத்திட்டுத் தந்த விண்ணப்பத்தை நேற்று அனுமதி கொடுக்கும் ஆபீசில் நீட்டினேன். அங்கே வேலை பார்க்கும் நம் பாளையங்கோட்டைக்காரக் குமாஸ்தா சிரித்துவிட்டார்.

"என்ன வே, கல்யாணப் பத்திரிகையா கொண்டாந்திருக்கீரு?"

நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தேன்.

"மஞ்ச வைக்காம எந்தக் காரியம் வே வெளங்கும்?" என்றேன்.

கறைபட்ட தாள் செல்லாதாம். ஜெர்மனியிலிருந்து புதிதாகக் கையெழுத்து வர வேண்டுமாம். முன்பு இரண்டு முறை மஞ்சள் இல்லாமல் கொடுத்தேனே, அப்போது மட்டும் வாங்கிக்கொண்டார்களா?

தைக்குள் அனுமதி வராவிட்டால் மிஷினைக் கொழும்புக்குக் கொண்டுபோவதாக ஜெர்மன்காரர் எழுதியிருக்கிறார். ஆடித்தபசன்று நம் வீட்டில் சம்மணமிட்டு, உன் கருப்பட்டிக் காப்பியை இரண்டாம் முறை கேட்டுக் குடித்தாரே, அதே மனிதர்தான். தெருவின் தறிச் சத்தம் பிடித்திருக்கிறது என்றார். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு இங்கே தூக்கம் வருவதில்லை.

கொஞ்சம் கருப்பட்டியும் நம் வீட்டு மஞ்சள் இரண்டு துண்டும் அனுப்பு. இந்த முறை தாளில் வைக்க மாட்டேன். வேட்டி நுனியில் தடவிக்கொண்டு போய் நிற்பேன். வேட்டியைத் திருப்பி அனுப்ப அவர்களிடம் சட்டம் இல்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டது.

பிச்சையா