மேடையேறிய நடவுப் பாட்டு

சென்னை, 1972

அன்புள்ள அம்மாவுக்கு, செவ்வந்தி வணங்கி எழுதுவது. நிலப் போராட்டத்தில் அடிபட்ட உன் கை தேவலையா? நான் சௌக்கியம்.

எங்கள் இளைஞர் இசைக்குழுக் கச்சேரியில் மேல்நாட்டு முறையில் உச்சக் குரலில் பாடும் சோப்ரானோ பாடகி மாலினி அக்கா சிறப்பு விருந்தினராக வந்து, நான் சொல்லிக்கொடுத்த உன் நடவுப் பாட்டைப் பாடினார். "உங்கம்மா பேரை மேடையில சொல்றேன்டி" என்று ஒத்திகையில் கையைப் பிடித்துச் சொன்னவர், மேடையில் "இது நானே கட்டின பாட்டு" என்றார். என்னால் வாசிக்க முடியவில்லை. வயலினை மடியில் வைத்துவிட்டேன்.

"ஏன் நிறுத்தினே?" என்று குழுத் தலைவர் பிறகு கேட்டார்.

"அது எங்கம்மா பாட்டு சார்."

அக்கா சிரித்தார். என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீ கவலைப்படாதே, படிப்புக்குப் பாதகமில்லை.

யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாயும் உன் பழைய சேலை ஒன்றும் கொடுத்தனுப்பு. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். பாட்டில் நமக்கு நிலம் வேண்டுமென்று கேட்கிற கடைசி அடியை மட்டும் அக்கா பாடவில்லை. அதை நீ விடாமல் பாடும்மா.

உன் மகள்,
செவ்வந்தி