இரண்டு புள்ளிக் குழாய்

உன் வெள்ளைக் கோட்டு இன்று காலை என் வீட்டுக்கு வந்தது. உன் மனைவி, நம் கல்லூரியில் எல்லோருக்குமே அவர் ஆச்சிதான், ஒரு சீட்டும் வைத்து அனுப்பியிருந்தார். "அவுககூட வேலை பாத்தவுக நீங்கதான். வச்சுக்கங்க." நீ போய் இன்னும் முப்பது நாள் முடியவில்லை. கோட்டைப் போட்டுப் பார்த்தேன், முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நீ என்னைவிட உயரம். அதிலேகூட எனக்கு ஒரு குறை இருந்தது. காலரைத் திருப்பினால் உங்கள் வீட்டுச் சலவைக் குறி, இரண்டு கறுப்புப் புள்ளி. சேராங்கொட்டைப் பாலால் வைத்த குறி எத்தனை முறை வெளுத்தாலும் போகாது.

எனக்கு உன்மேல் பொறாமை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது வராது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், நீ வேதியியல், நான் விலங்கியல். உன் அப்பா, நீ அப்பச்சி என்பாய், மலேயாவிலிருந்து உனக்கு ஒரு நுண்ணோக்கி அனுப்பினார். என் அப்பா சிங்கம்புணரியிலிருந்து நிலக்கடலை அனுப்பினார். பிறகு சோதனைக்காகச் சேராங்கொட்டையின் மூக்கை, அந்தக் காம்பு நுனியை, வெட்டும்போது பால் தெறித்து உன் கை கொப்பளித்தது, காரைக்குடியே வந்து விசாரித்துவிட்டுப் போனது. என் கையிலும் தெறித்தது. எனக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை. அதற்கும் வயிறு எரிந்தது.

ஆத்தங்குடிப் பக்கத்து வைத்தியர் ஒருவர் கட்டிகளுக்குச் சேராங்கொட்டை நெய் கொடுத்துவந்தார். "கேக்குது, கேக்குதுங்கிறாக. புத்துச் செல்லக் கொல்லுதா இல்லையானு கண்ணால பாத்துருவமே" என்று நீதான் ஆரம்பித்தாய். நெய் தண்ணீரில் கலக்காது. ஆகவே வைத்தியர் முறைப்படி நஞ்சு போகச் சுத்தி செய்த கொட்டையின் சாரத்தை ஆல்கஹாலில் இறக்கினாய். வயிற்று நீரில் புற்றுச் செல்கள் மிதக்கும் சுண்டெலிகள் மெட்ராசிலிருந்து ரயிலில் வந்தன. அந்தச் செல்களை மூன்று குழாய்களில் பிரித்தோம். ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் ஆல்கஹால், ஒன்றில் உப்பு நீர். பிறகு நீலச் சாயம் விட்டுப் பார்க்க வேண்டும். செத்த செல் நீலத்தை உறிஞ்சும், உயிருள்ளது தெளிவாக நிற்கும்.

எண்ணுகிறவனுக்கு எந்தக் குழாய் எது என்று தெரியக்கூடாது என்றாய். எண்ணுவதற்கு என்னை வைத்தாய். ஆச்சி மூன்று பழைய துணிகளின் ஓரத்தைக் கத்தரித்து, சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குழாய்களில் கட்டினார். இரண்டு புள்ளி உன் வீட்டு வேட்டி, மூன்று புள்ளி என் வீட்டுத் துண்டு, வட்டம் ஆய்வகத் துணி. எது எதற்கு என்று எழுதிய தாளைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

இரண்டு குழாய்களில் நீலம் நிறைய இருந்தது. இரண்டு புள்ளியிலும், மூன்று புள்ளியிலும். சீட்டுக் குலுக்கியதை நான் நம்பவில்லை. உன் வீட்டுக் குறியை உன் மருந்துக்குத்தானே கட்டியிருப்பீர்கள் என்று நினைத்தேன். இரண்டு புள்ளிக் குழாயில் வெளிறிய நீலமாக இருந்த செல்களையெல்லாம் உயிருள்ளவை என்று எழுதினேன். எண்ணிக்கை நடந்த மூன்று நாளும் அப்படியே எழுதினேன். வெறும் ஆல்கஹால் அளவுக்குக்கூட உன் மருந்து கொல்லவில்லை என்று ஆகட்டும், இந்த ஒன்றிலாவது நீ தோற்கட்டும் என்றுதான்.

ஆச்சி பெட்டியைத் திறந்தார். இரண்டு புள்ளி வெறும் ஆல்கஹால். மருந்து கட்டிக்கொண்டிருந்தது என் வீட்டுத் துணியை.

ஆல்கஹால் ஒன்றும் செய்யாதது போலவும் மருந்து மட்டும் கொன்றது போலவும் கணக்கு வந்துவிட்டது. உன்னைக் கவிழ்க்கப் போய் உன்னைத் தூக்கி வைத்தேன். நீ என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாய். அன்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

செய்தி பரவியது. சிவகங்கையிலிருந்து ஒருவர் மார்பில் கட்டியோடு மனைவியை அழைத்து வந்தார். "செல்லெல்லாம் செத்துப்போச்சுங்கிறாகளே ஐயா, கொஞ்சம் குடுங்க" என்றார். அந்த அம்மா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். "குழாயில பாத்ததுதான்யா, எலிக்குக்கூட இன்னும் குடுக்கல. மதுரைக்குப் போங்க, பெரியாஸ்பத்திரியில காட்டுங்க" என்று நீ அவர்களை பஸ் ஏற்றிவிட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீ கொடுத்திருந்தால்?

அந்த முடிவை நீ மெட்ராஸ் மாநாட்டில் படிப்பதாக இருந்தது. அதற்கு முன்பே அங்குள்ள ஆய்வாளர்கள் நம் சோதனையைத் திரும்பச் செய்துவிட்டார்கள். ஆல்கஹால் குழாயிலும் அதே அளவு சாவு. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ மேடைக்குப் போய், எண்ணியது யார் என்று சொல்லாமல், "பிழை என்னுடையது. இந்த முடிவை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று சொல்லி இறங்கினாய். மண்டபம் எழுந்து கை தட்டியது. தோற்றதற்கும் உனக்குக் கை தட்டல். உன்மேல் நான் பட்ட பொறாமையிலேயே பெரியது அதுதான்.

ஊர் திரும்பியதும் குழாய்களைக் கழுவி வைத்தாய். "திருப்பி எண்ணுவோம். நீயே எண்ணு" என்றாய். வேறு ஆள் பார்க்கச் சொன்னேன். நீ சிரித்தாய்.

"உனக்கு எம்மேல பொறாமைனு எனக்குத் தெரியாதாக்கும்? அதனாலதான் ஒன்ன வச்சேன். எனக்குச் சாதகமா ஒரு செல்லக்கூடக் கூட்டி எண்ண மாட்டேல்ல. இந்த ஊர்ல வேற யார நம்புறது?"

இரண்டாம் தடவை நேர்மையாக எண்ணினேன். இரண்டு குழாயிலும் சாவு சமம். மருந்தின் கதை முடிந்தது. முதல் தடவை நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. நீ எலிக் கூண்டைக் கழுவப் போனாய், நான் அந்த நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தே இருந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தோம். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மேடையில் அத்தனை பேர் முன்னால் உனக்கு வந்த அந்த இரண்டு வார்த்தை, நீ ஒருவன் மட்டும் இருந்த அறையில் எனக்கு வரவில்லை. உன் கோட்டு என் மடியில் கிடக்கிறது. சொல்லிவிடுகிறேன்: பிழை என்னுடையது.

கேட்பதற்கு நீ இல்லை. பார், இதிலும் நீதான் முந்திக்கொண்டாய்.