பெருந்தேவியார் மாடத்தில் ஒலித்த புகைமணி

மழை பிழையாது பொழிக. குடிகள் அச்சமின்றி உறங்குக. செவ்வேரி நாடு காக்கும் அரிமாவேந்தரின் ஆணை தாங்கிய அமைச்சர் வயிரக்கண்டர், கற்கோட்டைச் சிறையின் காவலரும் போர்முனையில் புண் பட்டவருமாகிய மழுவரையருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டைக் கிணறு வற்றாதிருக்க. தங்கள் காவலில் உள்ளோர் நோயின்றி இருக்க.

அக்காவலில் பூவணத்தி என்னும் பணிப்பெண் ஒருத்தி உளள். அகிற்புகைச் சட்டியின் தணல் மெத்தையில் விழுந்து கனன்று, இளவரசி கயல்நங்கை மூச்சுமுட்டி இறந்த நாளில், அடுத்த அறையில் காவலிருந்தவள் இவளே. புகைமணி அடித்தும் எழாது தூங்கினாள் என்பது இவள்மேல் விழுந்த பழி. மணி அடிக்கவே இல்லை என்று இவள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை அவையில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாகும்வரை சிறை என்று தீர்ப்பாயிற்று. இவள்பொருட்டே இவ்வோலை, நடந்ததை அறிந்தபின் ஆணையைப் படிக்க.

அரண்மனை அறைதோறும் விட்டத்தில் தொங்கும் புகைமணியைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். அதன் நாவை ஒரு கயிறு இழுத்துப் பிடித்திருக்கும். கயிற்றின் முடிச்சு மெழுகால் ஆனது. சூடான புகை மேலேறினால் மெழுகு உருகி, நா விடுபட்டு மோதி மோதி அடிக்கும். கயிற்றின் மறுமுனையில் பாரத்துக்கு ஒரு நீர்க்கலயம். அதில் நீர் குறைந்தால் கயிறு தளர்ந்து, நா மணியை அவ்வப்போது தொட்டுச் சிணுங்கும். அது தீயன்று; மணியின் தாகம்.

அண்மையில், இளவரசியின் தாய் பெருந்தேவியார் மாடத்தில் அப்படியொரு சிணுங்கல் கேட்கத் தொடங்கிற்று. பட்டப்பகலில் ஒற்றை ஒலி; பின்பு, ஓய்ந்தது என்று எண்ணுமளவு அமைதி; மறுபடியும் ஒற்றை ஒலி. இறந்த மகள் கூப்பிடுகிறாள் என்று சேடியர் நடுங்கினர். தேவியார் உணவை ஒதுக்கினார். மந்திரிப்போர் வந்து போனதில் வேப்பிலை வாடியதே மிச்சம்.

இவ்வோலை விடுக்கும் அமைச்சர் சுண்ணாம்புக் காளவாயில் கல் சுமந்து வளர்ந்தவர். பேய் அடித்துச் செத்தவரை அவர் கண்டதில்லை; புகை அடித்துச் செத்தவரைத் தோளில் சுமந்திருக்கிறார். ஏணி கொண்டுவரச் சொன்னார். காளவாய்க்காரர் பேய்க்குச் சுண்ணாம்பு கொடுக்க வந்திருக்கிறார் என்று சேடியர் முந்தானைக்குள் சிரித்தனர். அது அவர் காதிலும் விழுந்தது.

கலயத்தை நிரப்பினார், ஒலித்தது. மணிக்குள் கூடு கட்டியிருந்த சிலந்தியைத் துடைத்து, மெழுகைப் புதிதாக இட்டார், ஒலித்தது. பொறுமையிழந்து மணியையே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மடியில் மணி வாயடைத்துக் கிடக்க, மாடத்தில் மணி ஒலித்தது. கல் சுமந்த முதுகும் அக்கணம் சில்லிட்டது என்பதை மறைப்பதற்கில்லை. சிரித்த சேடியர் ஒருவரும் அங்கே இல்லை.

சுவரில் காதை வைத்துக்கொண்டே நகர்ந்தார். ஒலி அப்பாலிருந்து வந்தது: துக்கத்தன்றே செங்கல் வைத்து அடைக்கப்பட்ட இளவரசியின் அறை. இடிக்காதீர்கள், பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தாள் என்று தேவியார் குறுக்கே நின்றார். வேந்தரின் ஆணை பெற்றே சுவர் இடிக்கப்பட்டது.

மெத்தை நடுவே கருகிய குழி. விட்டத்தில் மணி. அதன் மெழுகு முழுதும் உருகி வடிந்திருந்தது. நா விடுபட்டுத் தொங்கிற்று. அன்று மணி தன் வேலையைச் செய்தே இருக்கிறது. ஆனால் அதன் வாய்க்குள் பட்டுத்துணி திணிக்கப்பட்டிருந்தது. இத்தனை காலம் கழித்து எலி அதைக் கடித்து உதிர்க்க, சாளர இடுக்கில் புகுந்த காற்றில் ஆடிய நா இப்போதுதான் வெண்கலத்தைத் தொடுகிறது. துணியின் கரையில் அன்னமும் கொடியும். அக்கரையை உடுப்பவர் இந்நாட்டில் ஒருவரே.

தேவியார் துணியை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அகிற்சட்டி வைத்தபோதெல்லாம் மணி கத்திப் பிள்ளையை எழுப்பிற்று, ஆகவே தாமே அடைத்ததாகச் சொன்னார். பணிப்பெண் தூங்கிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னபோது, அதை நம்புவது தமக்கு எளிதாக இருந்தது என்றும் சொன்னார்.

மணியைக் கழற்ற ஏணி சாய்த்தபோது தேவியார் விடவில்லை. இப்போது அதன் நேர் கீழே பாய் விரித்துக் கிடக்கிறார். காற்று அடித்து மணி ஒலிக்குந்தோறும் எழுந்து உட்கார்ந்து, வந்துவிட்டேன் கண்ணு என்கிறார்.

ஆதலின் அரிமாவேந்தர் ஆணை இது. ஓலை கண்ட பொழுதே பூவணத்தியின் விலங்கைத் தறிக்க. புத்தாடையும் வழித்துணையும் தந்து, அவள் விரும்பும் ஊரில் கொண்டு சேர்க்க. அரண்மனைக்கு வா என்று எவரும் அவளை அழைக்கலாகாது. அவள் வாயில் கடக்கும்வரை கோட்டையின் மணிகளை அடிக்கலாகாது.

ஓலையின் தலையில் அரிமா இலச்சினையும், அடியில் அமைச்சரின் கைக்குறியும் இடப்பட்டன. விலங்கு தறித்தபின், காவலர் யாவரும் கூடியிருக்க, அன்று மணி அடிக்கவில்லை, நீ சொன்னது மெய் என்று தாங்களே தங்கள் வாயால் அவளுக்குச் சொல்க.