ஒன்றாம் சேனலில் உன் மூச்சு

என் பிரியமுள்ள மாப்ள குமரேசனுக்கு,

நாலு பேர் இருக்கும்போது ‘வாங்க மாப்ள’ என்றும், ஆள் இல்லாதபோது ‘வாடா’ என்றும் உன்னைக் கூப்பிட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என் தங்கச்சி மல்லிகாவைக் கட்டிக்கொண்டதால் வந்த குழப்பம் அது. இந்தக் கடிதத்தை நம் மைக்செட்காரர்கள் போடும் ஆண்டு மலரில் ஊரே படிக்கப்போகிறது. இருந்தாலும் ‘நீ’ என்றே எழுதுகிறேன். முறைக்குத் தப்பு என்றால் பொறுத்துக்கொள்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நாமக்கல்லில் என் மைக்செட் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. நீ வந்தால் உட்காரும் அந்தப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை ராசிபுரத்துக்காரர் ஒருவர் வாங்கிப் போய்விட்டார். விற்கத்தானே வைத்திருந்தேன். மோகனூரில் உன் வாழை இந்த வருஷம் காற்றுக்குத் தப்பிவிட்டது. மல்லிகாதான் தண்ணீர் கட்டுகிறாள் என்று கேள்விப்படுகிறேன். கேள்விப்படுகிறேன் என்று எழுதும் நிலைமைக்கு வந்துவிட்டேன் பார்.

நான் சொல்ல வந்தது உன் மூச்சைப் பற்றி. அது கெட்டுப்போனது எனக்குத் தெரியும். டாக்டருக்கு முன்பே, மல்லிகாவுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

பதினாறு வருஷம் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவன் நீ. பாறை பொடிந்து வெள்ளையாய்ப் பறக்க, வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கம்ப்ரஸர் சத்தத்துக்குப் பாடிப் பழகியவன். “அந்த வண்டிக்குத் தாளம் தப்பாது மச்சா. நம்மூரு மேளக்காரருக்குக்கூட சில நாள் தப்பும்” என்பாய். வண்டியை விட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகு ஒரு நாள் கடைக்கு வந்து போனில் ஒரு வெள்ளைக்காரனைக் காட்டினாய். அவன் வாயாலேயே தாளம் போட்டான். காலடியில் இருந்த பெட்டியை மிதித்தான். அந்தத் தாளம் தானாகத் திரும்பத் திரும்ப ஓடியது. அதன் மேல் அவன் பாடினான்.

“மச்சா, நானும் ஒருத்தனே நாலு பேரா நிக்கோணும். அதுக்கு என்ன வேணும்?”

“நாலு பேர் திங்கிற சோறு வேணும்” என்றேன்.

“அதெல்லாம் உங்க தங்கச்சி போட்டுக்குவா. நீங்க மிஷினைச் சொல்லுங்க.”

அந்த மிதிபெட்டிக்கு லூப்பர் என்று பேர். அதை வரவழைத்துக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், பாட்டு நன்றாக இருக்கும் என்று கொடுக்கவில்லை. நாலு பேர் கச்சேரியை ஒரே ஆள் செய்தால் வண்டியில் இடம் மிச்சம், மேடையில் மைக் மிச்சம். என் கணக்கு எப்போதும் அப்படித்தானே ஓடும்?

பெட்டியைப் பாடுகிறவனோடு நேராகக் கோத்துவிட்டால் வாயில் வருவதெல்லாம் உள்ளே போய்விடும். அதனால் நடுவில், சத்தங்களைக் கலந்து பிரிக்கும் மிக்ஸரை வைத்தோம். உன் மைக் ஒன்றாம் சேனலில். அந்தச் சேனலில் ‘ஆக்ஸ்’ என்று ஒரு திருகு இருக்கிறது. அதைத் திறந்தால்தான் உன் குரல் கிளைவாய்க்காலில் தண்ணீர் பிரிவதுபோலப் பிரிந்து பெட்டிக்குப் போகும். மூடினால் ஸ்பீக்கருக்கு மட்டும் போகும். பெட்டியிலிருந்து வருவதை ஐந்தாம் சேனலில் வாங்கினேன். எதைச் சுற்றவிட வேண்டும், எதை விட வேண்டாம் என்பது என் விரலில் இருந்தது. நீ தலையை ஆட்டினால் திறப்பேன், கண்ணை மூடினால் மூடுவேன்.

சங்ககிரியில் லாரிக்காரர்கள் வைத்த ஆயுத பூஜைதான் முதல் மேடை. அங்கே நான் செய்த காரியத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஐந்தாம் சேனலின் ஆக்ஸை மூட மறந்துவிட்டேன். பெட்டியிலிருந்து வந்த சத்தம் பெட்டிக்குள்ளேயே திரும்பப் போனது. போனது வெளியே வந்தது. வந்தது மறுபடியும் போனது. ஒரு சுற்றுக்கு ஒரு மடங்கு ஏறி, உன் ‘தக்கதிமி’ கடைசியில் ஊளையாகி, ஜனம் காதைப் பொத்திக்கொண்டது.

“ஏனுங்க, போர்வெல் வண்டிய மேடையிலேயே ஏத்திப்போட்டீங்களா?” என்று முன்வரிசையில் ஒருத்தர் கத்தினார்.

“ஆமாங்க, தண்ணி வந்துரும், செத்த இருங்க!” என்று நீ மைக்கிலேயே சொன்னாய். அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். நான் அந்தத் திருகை மூடிவிட்டு, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.

அதன்பிறகு நமக்கு நல்ல பேர். முதலில் தாளம், அதன்மேல் மவுத் ஆர்கன், அதன்மேல் பதினாறு தட்டு நீளத்துக்கு ஒரே மூச்சில் இழுக்கும் ஒரு ராகம். அந்த மூன்றும் சுற்றிக்கொண்டிருக்க, நீ நடுவில் நின்று பாடுவாய். மல்லிகா எல்லாக் கச்சேரிக்கும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். நீ அவளைப் பார்க்காத மாதிரி பார்ப்பாய்.

பரமத்தியில் ஒரு காதுகுத்து. காலை வேளை. நீ ராகத்தை இழுத்து முடித்து மூச்சு வாங்கினாய். அந்த மூச்சும் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. ‘ஈ...’ என்று, கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி. ஒருமுறை கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. ஆனால் லூப் ஆயிற்றே, சுற்றுக்கு ஒரு தடவை வந்தது. பாட்டு முடிவதற்குள் முப்பது நாற்பது தடவை கேட்டிருப்பேன். ஹெட்போனில் இருந்ததால் எனக்கு மட்டும் துல்லியமாகக் கேட்டது.

உனக்குக் காட்டுவதற்காக அதைப் பெட்டியிலேயே ஏழாவது இடத்தில் சேமித்து வைத்தேன். பந்தியில் இலை போடும்முன் போட்டுக் காட்டினேன்.

“தூசி மச்சா. ரிக்குத் தூசி கொஞ்சம் உள்ளயே குடியிருக்குது. காத்தடிச்சாப் போயிரும்” என்று சிரித்தாய்.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘டாக்டரைப் பார்’ என்று சொல்லவில்லை. “மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் புடி” என்றேன்.

நீ தள்ளிப் பிடித்தும் சத்தம் போகவில்லை. அடுத்த கச்சேரியில் உன் சேனலில் கேட் போட்டேன். கேட் என்றால் கதவுதான். குரல் பலமாக வந்தால் திறந்துகொள்ளும். சின்னச் சத்தத்துக்குத் திறக்காது. ஃபேன் இரைச்சல், பந்தலுக்கு வெளியே ஜெனரேட்டர் இரைச்சல் இவற்றைத் தடுக்கத்தான் அது இருக்கிறது. நான் அதை உன் மூச்சுக்கு முன்னால் மூடினேன். அன்று முதல் ஸ்பீக்கரில் சுத்தம், பெட்டியிலும் சுத்தம். பெருமையாகவும் இருந்தது எனக்கு.

பதினாறு தட்டு இழுப்பு எட்டானது. எட்டு நாலானது. “சின்னதா சுத்துனா ஜனத்துக்குப் புடிக்குது மச்சா” என்றாய். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். கடைக்கு வருகிறவர்களிடம் ‘எங்க மாப்ள புது ஸ்டைலுக்கு மாறிட்டாருங்க’ என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆழ்குழாயில் தண்ணீர் இறங்குவதை அடி அடியாகச் சொல்லத் தெரிந்த ஊர்க்காரன், உன் மூச்சு இறங்கியதை ஸ்டைல் என்றேன்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். நுரையீரல் முழுக்கக் கல்தூசி கட்டியிருந்தது. அதன்மேல் சளியும் பிடித்திருந்தது. “ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம். மூச்சிழுக்குற சத்தம் யாருக்குமே கேக்கலையா?” என்றார். மல்லிகா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் “இல்லைங்க” என்றேன்.

கொள்முதல் விலையில் எத்தனையோ பொய் சொன்னவன் நான். அவையெல்லாம் ஞாபகத்திலேயே இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை மல்லிகா கடைக்கு வந்தாள். துணிப்பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். “ஊட்டுல சும்மா கெடக்குதுங்ணா. பாடுறவங்க யாருக்காச்சும் குடுத்துருங்க” என்றாள். பழைய சாமான் எது வந்தாலும் ஓட்டிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. கைப்பழக்கத்தில் அதை ஐந்தாம் சேனலில் செருகி மிதித்துவிட்டேன். அது ஏழாவது இடத்தில் நின்றிருந்தது. நீதான் அப்படி விட்டுவைத்தாயா?

தாளம் வந்தது. மவுத் ஆர்கன் வந்தது. நீ வந்தாய். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்று கேட்டாள். இரண்டாவது சுற்றில் கையை எடுத்தாள்.

“அந்தக் கடைசியில வர்றது என்னுங்ணா சத்தம்?”

‘ஒயர் கோளாறு’ என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

“அவன் மூச்சு சாமி” என்றேன்.

“இது எப்ப?”

“பரமத்திக் காதுகுத்து.”

அதிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன நாள் வரைக்கும் அவள் விரலை மடக்கி மாதம் எண்ணினாள். ஒரு கை முடிந்து, மறு கை முடிந்து, திரும்ப முதல் கைக்கு வந்து நாலாவது விரலில் நிறுத்தினாள். பெட்டி அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

“நான் முன்னாலதானுங்ணா உக்காந்திருந்தேன். எல்லாக் கச்சேரிக்கும் உக்காந்திருந்தேன். எனக்கு ஏன் கேக்கல?”

கேட்டைப் பற்றிச் சொன்னேன். மிக்ஸரிலேயே தொட்டுக் காட்டினேன். வாடிக்கையாளருக்கு விளக்குகிற அதே குரலில் விளக்கினேன், வேறு குரல் எனக்கு வரவில்லை.

“எனக்குக் கேக்கக் கூடாதுன்னு சாத்திட்டீங்க.”

“உனக்குன்னு சாத்தல மல்லிகா. சத்தம் சுத்தமா இருக்கட்டும்னு...”

“டாக்டர் கேட்டப்போ?”

மிக்ஸரிலிருந்து கையை எடுத்தேன். அவள் என்னிடம் பேசுகிற மாதிரியே இல்லாமல் சொன்னாள்: “அப்பத்தான் அவரு தோட்டத்து மோட்டார் ரூமுல போய்ப் படுக்க ஆரம்பிச்சாரு. ஊட்டுல புழுக்கமா இருக்குதுன்னாரு. மார்கழியில என்ன புழுக்கம்?”

அப்படியா மாப்ள? அவளுக்குக் கேட்கக் கூடாது என்று நீயும் ஒரு கதவைச் சாத்தினாயா? அப்படியென்றால் நாம் இரண்டு பேரும் கூட்டா? எனக்கு அது ஆறுதலாக இல்லை. உனக்குப் பயம் என்று ஒரு சாக்கு உண்டு. எனக்கு என்ன சாக்கு?

“நிறுத்துங்ணா” என்றாள். மிதித்தேன். ஒயரைக் கழற்றி, பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, மோகனூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். யாருக்கும் கொடுக்கவில்லை.

அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. போன் அடித்தால் முழுக்க அடித்து ஓய்கிறது. மாரியம்மன் நோம்பிக்கு வரவில்லை. பிறந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் பஸ் போகிறது, இறங்கவில்லை. உன் வருஷத் திதிக்குச் சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. எனக்குச் சொல்லவில்லை. “அண்ணனுக்குச் சொல்லலயா?” என்று சின்னம்மா கேட்டதற்கு, “அவருக்கு எது கேக்கோணுமோ அது கேக்கும்” என்றாளாம்.

இதைப் படிக்கிற மைக்செட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாடுகிறவர் மூச்சு மைக்கில் கேட்டால், கையை மிக்ஸருக்குக் கொண்டுபோகும்முன் அவர் முகத்தைப் பாருங்கள். தப்பான திருகைத் திறந்தால் ஊரே காதைப் பொத்திக்கொண்டு நமக்குச் சொல்லிவிடும். தப்பான இடத்தில் மூடினால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள், கைதட்டுவார்கள்.

மாப்ள, கூப்பிடாத வீட்டுக்கு நான் போனதில்லை. என் ரோஷம் உனக்குத் தெரியும். ஆனால் உன் திதிக்கு வருகிறேன். மோகனூர் படித்துறையில், பிண்டம் வைக்கும்போது, எல்லாருக்கும் பின்னால் நிற்பேன். டாக்டரிடம் நான் சொன்னது பொய் என்று அத்தனை பேர் முன்னாலும் என் வாயால் சொல்வேன். அவள் ‘போங்க’ என்றால் போய்விடுவேன். அடுத்த வருஷமும் வாரேன். அதற்கடுத்த வருஷமும் வாரேன். அவள் ‘வாங்ணா’ என்று சொல்லும் நாளில்தான் உன் வீட்டுப் படி ஏறுவேன். சொல்லாமலே போனாலும் வருவதை நிறுத்த மாட்டேன். இது உனக்குக் கொடுத்த வாக்கு.

உன் மச்சான்,
மல்லிகாவுக்கு அண்ணன்,
தங்கராசு