சுடோ எச்சரிக்கையும் நான் அளிக்காத புகாரும்

அனுப்புநர்:
ஜெ. ஜினமதி,
கணினிப் பராமரிப்பாளர் (தற்போது பணியிடை நீக்கத்தில்),
அருணை கிரிவலப் பாதை யாத்ரீகர் விடுதிகள் கூட்டுறவுச் சங்கம்,
திருவண்ணாமலை.

பெறுநர்:
துணைப்பதிவாளர் அவர்கள்,
கூட்டுறவுச் சங்கங்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: சங்கக் கணினி தன் வழக்கப்படி காட்டிய ஓர் எச்சரிக்கை வரியை நான் அளித்த புகாராகக் கருதி, என்னைப் பணியிடை நீக்கம் செய்த ஆணையை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம்.

1. எங்கள் சங்கத்தின் விடுதி அறைகள் இணையவழியே முன்பதிவாகின்றன. அப்பதிவுகள் உள்ள சர்வர் கணினியை நான் பராமரித்து வந்தேன். அதில் இயங்குவது லினக்ஸ். அதைக் காக்கும் கருவிகள் யாவும் எங்கெங்கோ உள்ளவர்கள் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தவை. அவற்றில் படமோ பொத்தானோ கிடையாது. கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும்; அடுத்த கட்டளை வரும்வரை ஒரு சிறு கோடு மினுக்கியபடி காத்திருக்கும். இதனாலேயே நான் ஏதோ செய்வினை செய்வதாக அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை இங்கு புகாராகக் கூறவில்லை.

2. கடந்த புரட்டாசிப் பௌர்ணமியன்று காலை, சங்கச் செயலாளர் திரு. திருமலை அவர்கள் தம் வீட்டிலிருந்து சர்வருக்குள் நுழைய முயன்றார். அண்ணாமலையார் திருநாமத்தையே அவர் கடவுச்சொல்லாக வைத்திருந்தார். ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு எத்தனை 'என்', எத்தனை 'ஏ' என்பதில் அவருக்கு அன்று ஐயம் ஏற்பட்டுவிட்டது. ஒவ்வொரு விதமாகவும் எழுதிப் பார்த்திருக்கிறார். தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப இடுபவரை வெளியே நிறுத்த, ஃபெயில்-டு-பேன் என்ற கருவி உண்டு. செயலாளர் என்றும் பாராமல் அது அவரை வெளியே நிறுத்திவிட்டது.

3. உடனே என்னை அழைத்தார். "ஏம்மா, நான் செக்ரட்டரி. என்னையே வெளிய நிக்க வெச்சிட்டா எப்டிம்மா?" என்றார். நான் வருத்தம் தெரிவித்து, தடையை நீக்கி, எளிதான புதிய கடவுச்சொல்லையும் அமைத்துக் கொடுத்தேன். பிறகு அடி அண்ணாமலை விடுதியில் இணைய இணைப்பு பழுதானதால் அங்கே சென்றுவிட்டேன்.

4. அவரது அவசரத்தின் காரணம் எனக்கு அப்போது தெரியாது. அவருடைய சம்பந்தி வீட்டார் கிரிவலத்துக்கு வருவதாக இருந்தது. அறைகள் அனைத்தும் நிரம்பியிருந்தன. அலுவலகத்துக்கே வந்து, ஓசூர் பக்தர் குழு ஒன்றின் பதிவை நீக்கி அந்த இடத்தில் சம்பந்தியின் பெயரைச் சேர்க்க முயன்றார். அதற்கு அவருக்கு அனுமதி இல்லை என்று கணினி மறுத்தது. கணினிக் கடை வைத்திருக்கும் திரு. கோபி என்பவரிடம் தொலைபேசியில் யோசனை கேட்டிருக்கிறார். "முன்னாடி சுடோனு போட்டு அடிங்க சார், எது சொன்னாலும் கேக்கும்" என்று அவர் கூறியிருக்கிறார்.

5. சுடோ என்பது, அதற்கெனப் பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும் முழு அதிகாரத்தைத் தரும் கட்டளை. செயலாளரின் பெயர் அதில் இல்லை. ஆகவே, 'இந்த நபர் பட்டியலில் இல்லை. இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்' என்ற பொருள்பட ஓர் ஆங்கில வரி திரையில் தோன்றியது. பட்டியலில் இல்லாதவர் உலகில் எவர் அடித்தாலும் வரும் வரி இது. ஆனால் செயலாளருக்கு வியர்த்துவிட்டதாக அலுவலக உதவியாளர் திருமதி. ராஜம்மாள் கூறுகிறார்.

6. மீண்டும் என்னை அழைத்து, "யாருக்கும்மா ரிப்போர்ட் போவுது?" என்று கேட்டார். என்னைச் சுற்றிலும் பக்தர்களின் 'அரோகரா' முழக்கம். "ரூட்டுக்குப் போவுது சார், பயப்படாதீங்க" என்று கத்தினேன். ரூட் என்பது கணினியின் தலைமைக் கணக்கு. அதன் அஞ்சல்பெட்டியைப் பார்ப்பவள் நான் ஒருத்திதான். நானும் பௌர்ணமி சமயத்தில் பார்ப்பதில்லை. அவரோ, புகார் உரிய ரூட்டில், அதாவது தங்கள் அலுவலகத்துக்குப் போகிறது என்று புரிந்துகொண்டார். பயப்படாதீங்க என்றது அவர் காதில் விழவில்லை.

7. புகார் வந்து சேரும் முன் விளக்கம் சேர வேண்டும் என்று எண்ணி, அன்றே அவர் தங்களுக்கு அனுப்பிய கடிதம் (நகல் சங்கக் கோப்பில் உள்ளது) தங்கள் பார்வைக்கு வந்திருக்கும். ஓசூர் குழுவின் பதிவை நீக்க முயன்றதோடு நிறுத்தாமல், முந்தைய தீபத் திருவிழாக்களில் உறவினர்களுக்கு அறை ஒதுக்கியதையும், சங்கத்தின் ஏர்கூலர் தம் வீட்டில் இருப்பதையும் அதில் ஒப்புக்கொண்டுள்ளார். ஓசூர் பக்தர்களுக்கு அவர்கள் அறைகள் குறைவின்றிக் கிடைத்தன. சம்பந்தி வீட்டார் செயலாளர் வீட்டிலேயே தங்கினர். ஏர்கூலர் இருப்பதால் அவர்களுக்கும் சிரமம் இராது என்று அக்கடிதமே தெரிவிக்கிறது.

8. கேளாத விளக்கம் வந்ததால் தங்கள் அலுவலகம் விசாரணை தொடங்கியது முறையே. ஆனால் சங்கத் தலைவர் திரு. அருணகிரி அவர்கள், அனுமதியின்றி மேலிடத்துக்குப் புகார் அனுப்பியதாகக் கூறி என்னைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார். "நான் எதுவுமே அனுப்பலைங்க ஐயா" என்றேன். "கம்ப்யூட்டர்ல நீ எழுதி வெச்சதுதானே அனுப்புச்சு?" என்றார். அந்த வரியை எழுதியவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது என்பதை அவர் ஏற்கவில்லை.

9. சர்வரில் என் அதிகாரத்தை நீக்க வேண்டும் என்றும், சர்வரைப் பற்றிச் சங்கத்தார் எவரிடமும் நான் பேசக் கூடாது என்றும் ஆணையில் உள்ளது. எப்படி நீக்குவது என்று அங்கே எவருக்கும் தெரியவில்லை. ஆகவே அதற்கு மட்டும் விலக்கு அளித்து, என்னையே வரச்சொன்னார்கள். சென்றேன். ராஜம்மாள் அக்கா டீ கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறொருவருக்கு முழு அதிகாரம் கொடுக்காமல் நான் விலகினால் கணினியை யாரும் நிர்வகிக்க முடியாது என்றேன். தலைவர் வாய்மொழியாக உத்தரவிட்டபடி, செயலாளரின் பெயரை சுடோவில் சேர்த்துவிட்டு, என் பெயரை நானே நீக்கினேன். எழுந்து வரும்போது, யார் வீட்டுச் சாவியையோ கொடுத்தது போல அல்ல, என் வீட்டுச் சாவியையே கொடுத்தது போல இருந்தது.

10. அன்று முதல் செயலாளர் சர்வர் உள்ள அறைக்குள் போவதில்லை எனத் தெரிகிறது. சர்வரில் பதிவுகளைச் சேமிக்கும் வட்டில் இடம் குறைந்துகொண்டே வருகிறது. இப்படியே விட்டால் புதிய பதிவுகள் சேமிக்கப்படாமல் போய், கார்த்திகை தீபத்தின்போது ஒரே அறையை இரு குடும்பங்களுக்குக் கொடுக்க நேரிடலாம். மழையில் பிள்ளைகளோடு வந்து நிற்பவர்களுக்கு ஃபெயில்-டு-பேன், சுடோ என்றெல்லாம் விளக்கம் சொல்ல முடியாது.

எனவே ஆணையை ரத்து செய்து என்னைப் பணியில் சேர்க்க உத்தரவிட வேண்டுகிறேன். செயலாளர் மீது கடும் நடவடிக்கை வேண்டாம். ஏர்கூலரைத் திருப்பித் தந்தால் போதும். என் பெயரை மீண்டும் சேர்க்கும் அதிகாரம் இப்போது அவர் ஒருவருக்கே உள்ளதால், நான் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்யவும் உத்தரவு தேவைப்படுகிறது.

நேற்று மாலை அவரே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கோபம் இல்லை, குரல் தணிந்திருந்தது. "ஜினமதி, கதவு சந்துல பாத்தேன். அந்தக் கருப்புத் திரையில ஒரு கோடு மினுக்கு மினுக்குனு அடிச்சினே இருக்குது. என்னாத்துக்குமா காத்துனு இருக்குது அது?" என்று கேட்டார். ஆணைக்குக் கட்டுப்பட்டு நான் பதில் சொல்லவில்லை. மற்றவை விசாரணைக்குப் பின் ஆகட்டும். அவருக்கு அந்த ஒரு பதிலைச் சொல்லவாவது உடனே அனுமதி அளிக்குமாறு பணிந்து வேண்டுகிறேன்.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 10.11.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
ஜெ. ஜினமதி