அக்கா முடிக்காத வரி

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய். இங்கே வீட்டில் நான் மட்டும்தான். சத்தம் போட்டுப் பாடினாலும் ஏனென்று கேட்க ஆளில்லை.

கொஞ்ச நாளாகத் தொண்டை படுத்துகிறது. ஒரு பாட்டு டீச்சரிடம் போகிறேன், என் மகள் வயதுதான் இருக்கும். "எப்பவும் அதே அழுகைப் பாட்டையே பாடினா குரல் எப்படி வளரும் ஆன்ட்டி? உங்களுக்கு ஒத்தே வராத ஒண்ணைப் பாடிட்டு வாங்க" என்றாள்.

எனக்கு ஒத்து வராதது என்றால் உன் பாட்டுதான். மேடையில் குதித்துக்கொண்டு பாடுவாயே, அந்த வேகப் பாட்டு. பாத்திரம் கழுவிக்கொண்டே ஆரம்பித்தேன். இரண்டாவது அடியிலேயே மூச்சு வாங்கியது. நீ ஒரே மூச்சில் பாடியதை இரண்டு மூச்சில் பாடி முடிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அன்றைக்கு ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவு மூச்சு உள்ளவள், நாம் சேர்ந்து பாடிய அந்த மெதுவான அழுகைப் பாட்டில் மட்டும் ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஏன் நிறுத்தினாய்? என் குரல் தனியாகக் கேட்கட்டும் என்றுதானே?

நானோ அப்போது வாத்தியக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால், "அக்காவுக்கு மூச்சு பத்தலை, இனிமே நான் தனியாவே பாடிக்கிறேன்" என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய்.

நேற்று டீச்சர் அந்த மெதுவான பாட்டைப் பாடச் சொன்னாள். குரல் நன்றாகத் திறந்திருக்கிறதாம். கடைசிச் சொல்லுக்கு முன்னால் நான் நிறுத்திவிட்டேன்.

"என்ன ஆன்ட்டி, மூச்சு பத்தலையா?"

ஆமாம் என்றேன்.

இன்னமும்
உன் தங்கை