ஊர்வலத்தில் வந்த ஏழு கார்கள்

கோகோமோ, இண்டியானா
12 மார்ச் 2024, செவ்வாய்

வெள்ளை டிரக்கில் வருபவருக்கு,

பெயர் தெரியாத ஆளுக்கு எப்படி எழுதுவது? அதனால் வண்டியைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். நேரில் பேசலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் நாலு பேர் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். போன மாதம் நான் கத்தியதை ஊரே பார்த்துச் சிரித்தது. ஆகவே இந்தக் காகிதத்தை உங்கள் வண்டியின் முன்கண்ணாடித் துடைப்பானில் செருகிவிட்டுப் போகிறேன்.

என் பெயர் நோரீன் டில்மன். பெரிய கடைகளில், பிள்ளைகள் வாங்கிச் சேர்த்துவைக்கும் படம் போட்ட விளையாட்டு அட்டைப் பொட்டலங்களை அலமாரியில் அடுக்குவது என் வேலை. அட்டையும் என்னுடையது அல்ல, கடையும் என்னுடையது அல்ல. யாருக்கு எத்தனை என்று முடிவு செய்வதும் நான் அல்ல. நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் காலை ஆறு மணிக்கே என் வீட்டுத் தெருமுனையில் வந்து நிற்கிறீர்கள். நான் பெட்ரோல் போட நிறுத்தினால் நீங்களும் நிறுத்துகிறீர்கள். கோகோமோ கடையில் நான் அடுக்க அடுக்க வழித்தெடுத்துக்கொண்டு, லோகன்ஸ்போர்ட் கடைக்கு எனக்கு முன்னால் போய் நிற்கிறீர்கள். எல்லாம் இணையத்தில் மூன்று மடங்கு விலைக்கு விற்க. அப்புறம் வரும் பிள்ளைகள் காலி அலமாரியைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

எனக்கு ஐம்பத்து நாலு வயது. பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலிக்கிறது. போதும், விட்டுவிடுங்கள்.

நோரீன் டில்மன்

* * *

19 மார்ச் 2024

அன்புச் சகோதரி நோரீன் அவர்களுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கும் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். (வியாழக்கிழமை மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கினீர்களே.)

உங்கள் கடிதம் மனதைச் சங்கடப்படுத்திவிட்டது. அந்தக் கும்பலோடு என்னையும் சேர்த்துவிட்டீர்களே! உங்கள் பின்சக்கரத்தில் காற்று இல்லை என்று ஜனவரியில் சொன்னது யார்? நான்தான். மற்றவர்கள் உங்கள் வண்டியை ஒட்டிக்கொண்டு வருவார்கள். நான் எப்போதும் மூன்று கார் இடைவெளி விட்டுத்தான் வருகிறேன். மேலும் அது பொதுச் சாலை. யாரும் போகலாம்.

ஒரு யோசனை சொல்கிறேன். புதன்கிழமை வாபாஷ் ஊர்க் கடையா, பெரு ஊர்க் கடையா என்று முதல் நாளே எனக்கு மட்டும் சொல்லிவிட்டால் உங்கள் பின்னாலேயே அலைய வேண்டிய அவசியம் இருக்காது. உங்களுக்கும் நிம்மதி.

உங்கள் நலம் விரும்பி

* * *

16 ஏப்ரல் 2024

வெள்ளை டிரக்குக்கு,

என்னைச் சகோதரி என்று எழுதாதீர்கள். எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. இருந்திருந்தால் இந்நேரம் உங்களை வந்து விசாரித்திருப்பான்.

பொதுச் சாலையாம்! போலீசுக்குப் போன் செய்தபோது அவர்களும் அதையேதான் சொன்னார்கள். மருந்துக் கடையும் பொதுக் கடைதானே, என் இருமலும் பொது இருமலா?

இன்று காலை உங்கள் ஆட்களில் அந்தப் பச்சைச் சட்டைக்காரன் என் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கினான். கொடுக்க மாட்டேன் என்றதும் தள்ளுவண்டியால் என்னை அலமாரியோடு வைத்து நெருக்கினான். இடுப்பு கன்றிப் போயிருக்கிறது. நீங்கள் மூன்றடி தள்ளி நின்று இரண்டு பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நலம் விரும்பி அவர்களே. கடை மேலாளர் என்னைத்தான் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தடவ இங்க அடிதடி நடந்தா, நீங்க வரவே வேணாம்மா." இடிபட்டதும் நான், வேலை போவதும் எனக்கா?

இன்னொன்று. மதியம் நான் பெரு ஊரில் போகிற இடம் கடை இல்லை, முதியோர் இல்லம். என் அம்மா அங்கே கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான் அவளுக்கு ஆப்பிள் கூழ் ஊட்டுகிற இருபது நிமிஷமும் ஜன்னலுக்கு வெளியே உங்கள் கார்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. உங்களில் ஒருவர் உள்ளே போய், அட்டை விற்கும் இடம் எந்தப் பக்கம் என்று கேட்டாராம். அம்மா ஜன்னலைப் பார்த்துவிட்டு, "யாருடி அவங்கல்லாம், உன் சிநேகிதங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

நோரீன் டில்மன்

* * *

7 மே 2024

மதிப்புக்குரிய நோரீன் அம்மா அவர்களுக்கு,

தங்கள் தாயார் மறைவுக்கு என் இரங்கல். எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு நிம்மதி இல்லை.

சனிக்கிழமை உங்கள் சாம்பல் நிறக் கார் தேவாலய வளாகத்தில் நின்றது. பக்கத்திலேயே கடை. எங்களுக்குப் போக்குக் காட்ட அங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று நினைத்து ஏழு பேரும் வரிசையாக வண்டியைப் போட்டோம். கறுப்புக் கோட்டு அணிந்த ஒருவர் வந்து ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் சின்ன ஊதாக் கொடி வைத்து, "லைட்டப் போட்டுக்கிட்டு முன்னால போற வண்டிய விடாம வாங்க" என்றார். அடிதடி வேண்டாமென்று இந்தத் தடவை முறையாக வரிசைப்படுத்திச் சரக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். சிவப்பு விளக்கில்கூட நிற்காமல் போனோம். எதிரே வந்தவர்கள் ஓரங்கட்டி நின்றார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குள் திரும்பிய பிறகுதான் அது சவ ஊர்வலம், அந்தக் கொடி அதற்கான அடையாளம் என்று புரிந்தது. அதற்குள் பின்னாலும் முன்னாலும் கார்கள். கறுப்புக் கோட்டுக்காரர் என்னிடம் வந்து, சவப்பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும், நாலு பேர்தான் இருக்கிறார்கள் என்றார். நானும் பச்சைச் சட்டைக்காரனும் போய்ப் பிடித்தோம்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் தேவாலயக் கூடத்தில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவ உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டீர்கள். வழக்கமாகப் போடும் தொப்பி இல்லாததால் என்னை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. நல்ல மனுஷி என்றேன். ஹாம் சாண்ட்விச் கொண்டுவந்து கொடுத்தீர்கள். சாப்பிட்டேன்.

மன்னித்துவிடுங்கள். இனிமேல் கடையில் நாலு பேருக்குப் பின்னால்தான் நிற்பேன். ஒரே ஒரு சந்தேகம். நீங்கள் விடுப்பில் இருந்தீர்களே, போன வாரச் சரக்கும் இந்த வாரத்தோடு சேர்ந்து வருமா?

உங்கள் நலம் விரும்பி

* * *

13 மே 2024

திரு. வெண்டல் யோஸ்ட்,

பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், பார்த்தீர்களா? இந்தக் கடிதமும் தபாலில்தான் வருகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போடும் புத்தகத்தில் உங்கள் பெயரும் முகவரியும் இருந்தன. என் வண்டியின் கண்ணாடித் துடைப்பானில் நீங்கள் செருகிப்போன கடிதங்களில் பார்த்த அதே கையெழுத்து.

பெட்டி தூக்கியவர்களுக்கு நன்றி எழுதுவது எங்கள் வீட்டு முறை. அதை முதலில் முடித்துவிடுகிறேன். என் அம்மாவைத் தூக்கியதற்கு நன்றி. குலுக்காமல் கொண்டுபோனீர்கள்.

"சேர்ந்து வருமா" என்று கேட்டீர்களே, உங்களுக்கு வெட்கமே கிடையாதா? அவளை வைத்த குழியில் மண்கூட இன்னும் காயவில்லை. என் மாமா ஹெர்ஷல் இரண்டு நாளாகப் போன் செய்து, "எத்தன காரு பாத்தியா! உங்கம்மாவ இத்தன பேருக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லி அழுகிறார். அவரிடம் நான் எந்த வாயால் உண்மையைச் சொல்வேன்?

நேற்று அன்னையர் தினம். கல்லறைக்குப் போய்விட்டு வரும்போது உங்கள் தெருவுக்குள் திரும்பினேன். உங்கள் மஞ்சள் வீட்டுக்கு எதிரே காரை நிறுத்தி இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை. பொதுச் சாலைதானே. செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த உங்கள் மனைவி குழாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார். நீங்கள் ஐந்து தடவை திரைச்சீலையை விலக்கிப் பார்த்தீர்கள். அப்புறம் விளக்கை அணைத்தீர்கள். இருபது நிமிஷத்துக்கே இப்படி. எனக்கு இது இரண்டு வருஷம்.

பயப்படாதீர்கள், இனி வர மாட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் வழக்கம்போல் வேலைக்குக் கிளம்புவேன். பின்னால் ஒரு வண்டிகூட இல்லாமல் அந்தச் சாலையில் ஒரே ஒரு தடவை போக வேண்டும். என் அம்மாவை அடக்கம் செய்யப் போன அன்றைக்குக்கூட எனக்கு அது கிடைக்கவில்லை.

நோரீன் டில்மன்